முப்பது நாள் கெடு: பியேர் மெந்தேஸ் பிரான்சும் இந்தோசீனப் போரின் முடிவும்

போர் தொடங்கியோர்க்கும் போரில் வென்றோர்க்கும் உலகெங்கும் சிலைகள் உண்டு. வெல்லவியலாப் போரொன்றை வெல்லவியலாது என்று தம் நாட்டாரிடமே எடுத்துரைத்து, பகைவரோடு ஒரே அவையில் அமர்ந்து, கேட்டவற்றுள் சிலவற்றைப் பெற்றும் பலவற்றை விட்டும் அதனை முடித்துவைத்தோர்க்கு எழுந்த சிலைகள் மிகச் சிலவே. உறையூரை முற்றியிருந்த நலங்கிள்ளிக்கும் அதனுள் அடைத்திருந்த நெடுங்கிள்ளிக்கும் இடையே நின்று சந்து செய்வித்த கோவூர்கிழாரின் பணியைத் தமிழ் மரபு துணைவஞ்சி என்னும் துறையுள் வைத்துப் போற்றுகிறது. ஆயின் கோவூர்கிழார் புலவர். இழப்பதற்கு அரியணை ஏதும் அவரிடம் இல்லை. ஆட்சியில் இருப்பவரே தம் பதவியைப் பணயமாக வைத்துச் சந்து செய்ய முற்படுவது அரிதினும் அரிது. அவ்வாறு முற்பட்டவர் பிரெஞ்சு நாட்டின் தலைமையமைச்சராக ஏழரை மாதமே விளங்கிய பியேர் மெந்தேஸ் பிரான்ஸ் ஆவார். எட்டாண்டு நடந்த இந்தோசீனப் போர் 1954-இல் அவர் கையால் முடிவுற்றது. அதே ஆண்டில் புதுச்சேரி மண் அமைதியாகக் கைமாறியதும் அவர் ஆட்சியிலேயே ஆகும். எனவே அவர் வாழ்வு தமிழருக்கும் முற்றிலும் அயலானது அன்று.

தோற்றமும் இளமையும்

மெந்தேஸ் பிரான்ஸ் 1907 சனவரி 11-ஆம் நாள் பாரிசு நகரில் பிறந்தார். தந்தையார் ஆடை வணிகர். முன்னோர் போர்ச்சுக்கல் நாட்டினின்று பெயர்ந்து பிரான்சின் தென்மேற்கிலுள்ள பொர்தோ நகரில் குடியேறிய யூதர். குடிப்பெயரிலேயே பிரான்ஸ் என்னும் சொல்லைத் தாங்கியிருந்தும், அவரை அயலார் என்று இகழ்வோர் அவர் வாழ்நாள் முழுதும் இருந்தனர். சட்டம் பயின்ற அவர், பிரெஞ்சு நாணயத்தின் மதிப்பை நிலைநிறுத்த 1926, 1927 ஆகிய ஆண்டுகளில் மேற்கொள்ளப்பட்ட நிதிச் சீரமைப்பை ஆய்ந்து முனைவர் பட்டம் பெற்றார். சொல்லைவிட எண்ணை நம்பும் பழக்கம் இவ்வாய்வுக் காலத்திலேயே அவரிடம் வேரூன்றியது எனலாம்.

1932-இல் நார்மண்டிப் பகுதியின் எய்ர் மாவட்டத்திலிருந்து பிரதிநிதிகள் அவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டபோது அவருக்கு வயது இருபத்தைந்து. அவ்வவையின் மிக இளைய உறுப்பினர் அவரே. சார்ந்த கட்சி ராடிக்கல் கட்சி. 1935-இல் லூவியே என்னும் சிற்றூரின் நகரத் தலைவரானார். 1936-இல் இட்லர் ஆட்சியில் பெர்லினில் நடைபெறவிருந்த ஒலிம்பிக் விளையாட்டிற்குப் பிரெஞ்சு அணியை அனுப்பும் செலவு வாக்கெடுப்புக்கு வந்தபொழுது, அதனை எதிர்த்து வாக்களித்தவர் அவர் ஒருவரே. பெரும்பான்மையோடு ஒழுகிப் போகும் இயல்பு அவருக்கு வாய்க்கவில்லை என்பதற்கு அஃதொரு முன்னறிகுறி. 1938-இல் லியோன் புளூம் அமைத்த குறுகியகால அமைச்சரவையில் கருவூலத் துணையமைச்சராகப் பணியாற்றினார்.

சிறையும் வானமும்

1940 சூனில் செர்மானியப் படை பிரான்சை வீழ்த்தியது. வடஆப்பிரிக்காவிலிருந்து போரைத் தொடரலாம் என்று நம்பிய உறுப்பினர் சிலர் மசிலியா என்னும் கப்பலில் மொராக்கோவுக்குச் சென்றனர். வான்படையில் பணியாற்றி வந்த மெந்தேஸ் பிரான்சும் அவர்களுள் ஒருவர். சரணடைந்த விசி அரசு, போரைத் தொடர விரும்பிச் சென்ற அவரையே போர்க்களத்தை விட்டு ஓடியவர் என்று குற்றஞ்சாட்டிக் கைது செய்தது. 1941 மே மாதம் கிளேர்மோன்-பெரான் நகரில் இராணுவ நீதிமன்றம் அவருக்கு ஆறாண்டுச் சிறை விதித்தது.

அடுத்த மாதமே அவர் தப்பினார். அந்நிகழ்ச்சியைப் பிற்காலத்தில் அவரே சுவைபட எடுத்துரைத்ததுண்டு. மதிலின் உச்சிக்கு ஏறி வெளிப்புறம் குதிக்க முற்படுகையில், கீழே மரநிழலில் காதலர் இருவர் உரையாடிக் கொண்டிருந்தனராம். இளைஞன் வேண்டுவதை அப்பெண் மறுத்தபடியே இருந்தாள். அவள் இசையும் வரை மதில்மேல் அசையாது கிடக்க வேண்டியதாயிற்று. அவளது இசைவை அவ்விளைஞனை விடவும் ஆவலாக எதிர்நோக்கியவர் மதில்மேல் இருந்தவரே.

பல மாதம் மறைந்து வாழ்ந்து 1942-இல் இலண்டனை அடைந்த அவர், டி கோலின் சுதந்திரப் பிரான்சு இயக்கத்தில் சேர்ந்தார். பதவி வேண்டாது லொரேன் குண்டுவீச்சுப் படைப்பிரிவில் சேர்ந்து, பகைவர் வசமிருந்த தம் நாட்டின்மீதே பறந்தார். 1943 நவம்பரில் டி கோல் அவரை அல்சீர்சு நகருக்கு அழைத்து நிதிப் பொறுப்பை ஒப்படைத்தார். 1944-இல் பன்னாட்டு நிதியமும் உலக வங்கியும் தோன்றக் காரணமான பிரெட்டன் உட்சு மாநாட்டில் பிரெஞ்சுக் குழுவுக்கு அவரே தலைவர்.

விடுதலைக்குப் பின் பொருளாதார அமைச்சரான அவர், பணவீக்கத்தைத் தடுக்கக் கடுமையான நாணயக் கட்டுப்பாடு வேண்டும் என்று வற்புறுத்தினார். போரால் நலிந்த மக்கள்மீது மேலும் சுமை ஏற்றலாகாது என்றோர் கருத்தே வென்றது. 1945 ஏப்பிரலில் அவர் பதவி துறந்தார். கசப்பான உண்மையைக் காலந்தாழ்த்திச் சொல்வது அதன் விலையைக் கூட்டும் என்பது அவர் கொள்கை. அதே கொள்கையை ஐந்தாண்டு கழித்து அவர் இந்தோசீனத்தின்மீது பொருத்திக் காட்டினார்.

எண்கள் உரைத்த உண்மை

வியட்நாம், லாவோசு, கம்போடியா ஆகிய மூன்றும் சேர்ந்த பிரெஞ்சு இந்தோசீனம், உலகப் போர்க்காலத்தில் சப்பானியர் பிடியில் இருந்தது. சப்பான் சரணடைந்ததும் 1945 செப்டம்பர் 2-ஆம் நாள் அனோய் நகரில் ஓ சி மின் வியட்நாம் விடுதலையை அறிவித்தார். 1946 மார்ச்சில் இரு தரப்பும் தற்காலிக உடன்பாடொன்றை எட்டின. ஆயின் அவ்வாண்டுக் கோடையில் பிரான்சின் பொந்தேன்புளோவில் நடந்த பேச்சு முறிந்தது. நவம்பரில் ஐபோங் துறைமுகம் பிரெஞ்சுக் கடற்படையின் குண்டுகளுக்கு இரையாயிற்று. திசம்பரில் முழுப்போர் மூண்டது.

அப்போரில் பிரான்சிற்காக மடிந்தோர் பலர் பிரெஞ்சுக்காரர் அல்லர். மொராக்கியர், அல்சீரியர், செனகலியர், வெளிநாட்டுப் படையணியைச் சேர்ந்த செர்மானியர், வியட்நாமியர் எனப் பல நாட்டு இளைஞர் அங்கே பொருதனர். புதுச்சேரி, காரைக்கால் தமிழர் பலர் சைகோனில் அரசு அலுவலகங்களிலும் சுங்கத்திலும் காவல்துறையிலும் பணியாற்றினர்; சொல்தா என்று புதுவையில் அழைக்கப்பெறும் படைவீரர் குடும்பங்கள் பலவற்றின் கதை இந்தோசீனத்தோடு பிணைந்தது. சைகோனில் எழுந்த மாரியம்மன் கோயில் அத்தமிழர் வாழ்வின் சான்றாக இன்றும் நிற்கிறது. கட்டாயப் படைச்சேவையில் சேர்ந்த பிரெஞ்சு இளைஞர் மட்டும் அப்போருக்கு அனுப்பப்படவில்லை. தம் வீட்டுப் பிள்ளை செல்லாத போர் ஆதலின், பிரெஞ்சு மக்களுள் பெரும்பாலோர் அதனைப் பற்றி நெடுநாள் எண்ணிப் பார்க்கவேயில்லை.

1950 அக்டோபரில் சீன எல்லையை ஒட்டிய காவோ பாங் பகுதியில் பிரெஞ்சுப் படை பேரிழப்புக்கு உள்ளாயிற்று. அதனையடுத்துத் தேசியப் பேரவையில் மெந்தேஸ் பிரான்ஸ் ஆற்றிய உரை அவர் வாழ்வில் ஒரு திருப்பம். அவர் அப்போரை அறத்தின் பெயரால் மட்டும் எதிர்க்கவில்லை. கணக்கின் பெயரால் எதிர்த்தார். வெல்ல வேண்டுமாயின் மும்மடங்கு படையும் மும்மடங்கு பணமும் வேண்டும். அதற்கு வரி கூட்டவும் இளைஞரை அனுப்பவும் நாடு அணியமாக வேண்டும். அன்றேல் எதிரே நின்று பொருவோருடன் பேசவேண்டும். இவ்விரண்டுள் ஒன்றையும் தேராது, தோல்வியைச் சிறுகச் சிறுக விலைகொடுத்து வாங்குவதையே அரசுகள் கொள்கையாகக் கொண்டுள்ளன என்பது அவர் வாதத்தின் சாரம்.

திருக்குறளில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்னும் அதிகாரங்கள் ஒன்றையொன்று தொடர்ந்து நிற்பது ஈண்டு நினையத்தக்கது. தன் வலியை அறியாது ஊக்கத்தால் முனைவோர் இடையில் முரிவர் என்னும் அரசியல் அறிவு தமிழர்க்குப் புதிதன்று. பாரிசில் அதனைக் கேட்க அன்று செவிகள் இல்லை. பகைவரோடு பேசவேண்டும் என்றதால் அவர்மீது தோல்விவாதி, காட்டிக்கொடுப்பவர் என்னும் பழிகள் வீழ்ந்தன. 1953 சூனில் தலைமையமைச்சர் பதவிக்கு அவர் பெயர் முன்மொழியப்பட்டபோது 301 வாக்குகளே கிட்டின. தேவையான பெரும்பான்மைக்குப் பதின்மூன்று குறைந்தன.

கெடு

லாவோசு எல்லையருகே தியன் பியன் பூ என்னும் பள்ளத்தாக்கில் பிரெஞ்சுத் தளபதிகள் அமைத்த பாசறையை 1954 மார்ச்சு 13-ஆம் நாள் தளபதி சியாப்பின் படை தாக்கத் தொடங்கிற்று. மலைகளின்மீது பீரங்கிகளை மனித உழைப்பாலேயே இழுத்தேற்றிய வியட் மின் வீரர்கள், பதுங்குகுழிகளை வெட்டிக்கொண்டே நெருங்கினர். எட்டு வாரப் போருக்குப்பின் மே 7-ஆம் நாள் பாசறை வீழ்ந்தது. சிறைப்பட்டோர் பதினாயிரத்தினர், அவருள் பாதிக்கும் மேற்பட்டோர் மீளவில்லை. செனீவா மாநாட்டில் இந்தோசீனம் பற்றிய பேச்சு அதற்கு மறுநாளே தொடங்கியது. தோற்றவர் தோல்விச் செய்தியோடு அவைக்கு வந்தமர்ந்தனர். ஐந்து வாரம் கழிந்தும் பேச்சு நகரவில்லை. சூன் 12-ஆம் நாள் லானியேல் அமைச்சரவை கவிழ்ந்தது.

அடுத்து அழைக்கப்பட்ட மெந்தேஸ் பிரான்ஸ், சூன் 17 அன்று பேரவை முன் வைத்த உறுதிமொழி எவரும் எதிர்பாராதது. சூலை 20-ஆம் நாளுக்குள் போர்நிறுத்தம் காண்பதாகவும், காணாவிடில் பதவி விலகுவதாகவும் அறிவித்தார். மற்றொன்றையும் சேர்த்துரைத்தார். பொதுவுடைமைக் கட்சியினர் தம்மை ஆதரித்தாலும் அவ்வாக்குகளைக் கணக்கில் கொள்ளாமலேயே பெரும்பான்மை வேண்டும் என்றார். எதிரிக்கு நட்பான கட்சியின் தயவால் அமர்ந்தவர் என்னும் பழியோடு மாநாட்டுக்குச் செல்ல அவர் விரும்பவில்லை. ஆதரவாக 419, எதிராக 47, நடுநிலை 143 என வாக்குகள் அமைந்தன. பொதுவுடைமையரை நீக்கி எண்ணினும் பெரும்பான்மை இருந்தது. வெளியுறவுத்துறையையும் அவர் தம் கையிலேயே வைத்துக்கொண்டார்.

நாள் குறித்துப் பேசச் செல்வது பேரத்துக்குக் கேடு என்றனர் பலர். காலம் தாழ்த்துவதன்மூலம் பகைவர் மேலும் பறிக்கலாமன்றோ என்பது அவர் கேள்வி. இக்குறையை மெந்தேஸ் பிரான்ஸ் அறியாதவர் அல்லர். சூலை முதல் வாரத்தில் அவர் கெடுவுக்கு மறுமுனை ஒன்றைச் செய்தார். உடன்பாடு எட்டாவிடின், விலகுவதற்கு முன் தாம் செய்யும் இறுதிச் செயல், கட்டாயப் படைச்சேவை இளைஞரை இந்தோசீனத்துக்கு அனுப்பும் சட்டத்தைப் பேரவைமுன் வைப்பதாகும் என்றார். கெடு இப்போது இருபுறமும் கூர் உடைய வாளாயிற்று. எதிரிக்குப் பெரும்போர் பற்றிய அச்சத்தையும், தம் நாட்டுப் பெற்றோர்க்கு அப்போரின் உண்மையான விலையையும் ஒருசேர அஃது உணர்த்திற்று.

பெர்னும் செனீவாவும்

பதவியேற்ற ஒரு வாரத்துக்குள், சூன் 23-ஆம் நாள், சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரிலுள்ள பிரெஞ்சுத் தூதரகத்தில் சீனத் தலைமையமைச்சர் சௌ என்-லாயை அவர் சந்தித்தார். மக்கள் சீனத்தைப் பிரான்சு அன்று அங்கீகரித்திருக்கவில்லை. அச்சந்திப்பே முடிச்சைத் தளர்த்தியது. முதலில் போர்நிறுத்தம், பின்னர் அரசியல் தீர்வு என்னும் வரிசையையும், லாவோசு கம்போடியா ஆகியவற்றை வியட்நாமினின்று பிரித்துக் கருதலாம் என்பதையும் சௌ ஏற்றார். கொரியப் போரின் காயம் ஆறாத சீனம், அமெரிக்கப் படை மீண்டும் தன் எல்லையை அணுகுவதை விரும்பவில்லை. சூலை தொடக்கத்தில் தென்சீனத்தின் லியூசௌ நகரில் சௌ என்-லாய் ஓ சி மின்னைக் கண்டு, இணங்கிப் போகுமாறு வற்புறுத்தினார். வென்று வந்தவரை விட்டுக்கொடுக்கச் செய்தது பெரும்பாலும் அவர்தம் நண்பரே என்பது இம்மாநாட்டின் நுட்பமான உண்மை.

எஞ்சியது நாட்டை எங்கே தற்காலிகமாகப் பிரிப்பது, தேர்தலை எப்போது நடத்துவது என்னும் இரு வினாக்களே. வியட் மின் தூதுக்குழுவின் தலைவர் பாம் வான் டோங், வடக்கு அட்சரேகை 13 பாகையில் கோடு அமைய வேண்டும் என்று தொடங்கிப் பின்னர் 16 வரை வந்தார். பிரெஞ்சுத் தரப்பு 18 என்றது. வெளிப்பார்வைக்கு இஃது எண்களின் பேரமாகத் தோன்றும். ஒவ்வோர் எண்ணுக்கும் பின்னே ஊர்கள் இருந்தன. 16-இல் கோடு விழுமாயின் பழைய தலைநகரான உயே வடக்கே போகும். லாவோசிலிருந்து கடலுக்கு வழியான ஒன்பதாம் எண் சாலையும் போகும். வரைபடத்தை விரித்து, சாலையையும் துறைமுகத்தையும் சுட்டி வாதிட்டவர் மெந்தேஸ் பிரான்ஸ். தெற்கிலும் நடுப்பகுதியிலும் ஆண்டுக்கணக்காகத் தம் ஆட்சியில் இருந்த மாவட்டங்களை விடுவது பாம் வான் டோங்கிற்கும் எளிதன்று.

அமெரிக்க வெளியுறவுச் செயலர் டல்லசு, பொதுவுடைமையரோடு செய்யும் எவ்வுடன்பாட்டிலும் தம் நாட்டின் பெயர் இடம்பெறலாகாது என்று விலகி நின்றார். மெந்தேஸ் பிரான்சும் பிரித்தானியரான ஈடனும் சூலை நடுவில் பாரிசில் அவரைக் கண்டு பேசிய பின்னரே, துணைச்செயலர் பெடல் சுமித் செனீவா திரும்பினார். இந்தியா மாநாட்டின் உறுப்பு நாடன்று, எனினும் வி. கே. கிருட்டிண மேனன் அங்கே தங்கி, தூதுக்குழுக்களிடையே இடைவிடாது சென்று வந்தார்.

சூலை 20-ஆம் நாள் பிற்பகல் முதன்மைத் தலைவர்கள் கூடினர். சோவியத் வெளியுறவு அமைச்சர் மொலோட்டோவ் 17-ஆம் அட்சரேகையை முன்மொழிந்தார். தேர்தலுக்கு வியட் மின் ஆறு மாதம் கேட்டது. பிரான்சு நாள் குறிக்க விரும்பவில்லை. இரண்டாண்டு என்றார் மொலோட்டோவ். எல்லாம் முடிந்தது என்று எண்ணிய வேளையில் கம்போடியத் தூதுக்குழு மறுத்தது. தன் பாதுகாப்புக்கு வெளிநாட்டு உதவியைக் கோரும் உரிமை வேண்டும் என்று அச்சிறுநாடு நள்ளிரவு கடந்தும் விடாது நின்று பெற்றது. வியட்நாம், லாவோசு உடன்பாடுகள் சூலை 21 விடியற்காலையிலும், கம்போடிய உடன்பாடு அன்று நண்பகலை ஒட்டியும் கையெழுத்தாயின. முதலிரண்டிலும் தேதி சூலை 20 நள்ளிரவு என்றே இடப்பட்டது. மாநாட்டு மண்டபக் கடிகாரம் நிறுத்தப்பட்டது என்னும் கதை அன்றுமுதல் வழங்குகிறது. பிரெஞ்சுத் தளபதியின் சார்பில் தெல்தேய் என்பவரும், வியட் மின் சார்பில் தா குவாங் புவும் வியட்நாம் உடன்பாட்டில் ஒப்பமிட்டனர். போர்நிறுத்தத்தைக் கண்காணிக்க இந்தியா, கனடா, போலந்து ஆகிய மூன்று நாடுகளின் குழு அமைந்தது, தலைமை இந்தியாவுக்கு.

உடன்பாட்டின் நிறையும் குறையும்

இவ்வுடன்பாட்டை மதிப்பிடுவோர் இரு துலாத்தட்டுகளையும் நோக்க வேண்டும். எட்டாண்டுப் போர் நின்றது. எஞ்சிய போர்க்கைதிகள் மீண்டனர். பிரான்சிலிருந்து புறப்படவிருந்த இளைஞர் வீட்டில் இருந்தனர். அக்டோபரில் பிரெஞ்சுப் படை அனோயிலிருந்து போரின்றி வெளியேறிற்று.

மறுதட்டில் உள்ளவையும் இலேசானவை அல்ல. வடக்கிலிருந்து எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள், பெரும்பாலும் கத்தோலிக்கர், வீடு வாசல் துறந்து தெற்கே வந்தனர். தெற்கிலிருந்த வியட் மின் வீரர் பல்லாயிரவர், ஈராண்டில் தேர்தல் நடக்கும், மீள்வோம் என்று மனைவி மக்களிடம் சொல்லி வடக்கே சென்றனர். அத்தேர்தல் நடக்கவேயில்லை. தென்வியட்நாம் அரசு உடன்பாட்டை ஏற்கவில்லை. அமெரிக்கா இறுதி அறிக்கையில் சேரவில்லை. உடன்பாட்டைக் காக்க வேண்டியோர் அதில் ஒப்பமிடாதோராகவும், ஒப்பமிட்ட பிரான்சு நாட்டை விட்டே வெளியேறுவதாகவும் அமைந்தது அதன் அடிப்படைக் குறை. தற்காலிகக் கோடு எல்லையாயிற்று. எல்லை மீண்டும் போர்க்களமாயிற்று. 1975-இல் சைகோன் வீழும்வரை அம்மண் அமைதி காணவில்லை. ஈராண்டுக்கெனப் பிரிந்தோருள் பலர் இருபதாண்டு கழித்தே ஊர் கண்டனர். காணாமல் மடிந்தோரும் பலர்.

எனினும் இக்குறைகளை மெந்தேஸ் பிரான்ஸ் மறைத்தார் அல்லர். சூலை 22, 23 ஆகிய நாள்களில் பேரவையில் உடன்பாட்டை விளக்கியபோது, அதில் கொடிய பகுதிகள் உண்டு என்பதைத் தாமே கூறினார். வெற்றி விழா எதுவும் எடுக்கவில்லை. பெரும்பான்மையோர் ஏற்றனர்; அவருள்ளும் பலர் மனத்தளவில் அவரை மன்னிக்கவில்லை.

ஒரே நாளின் இருமுகம்

செனீவாவிலிருந்து மீண்ட பத்தே நாளில், சூலை 31 அன்று, அவர் துனீசியாவுக்குப் பறந்து உள்நாட்டுத் தன்னாட்சி வழங்குவதாக அறிவித்தார். பழமைவாதிகள் மதிக்கும் மார்சல் சுவேனை உடன் அழைத்துச் சென்றது அவர்தம் மதிநுட்பம். துனீசியா 1956 மார்ச்சில் முழுவிடுதலை பெற்றது.

அடுத்துப் புதுச்சேரி. பிரெஞ்சிந்தியப் பகுதிகளை விடுவதற்கு, மக்களின் இசைவின்றி நிலத்தைக் கொடுக்கலாகாது என்னும் பிரெஞ்சு அரசமைப்பு விதி தடையாகக் காட்டப்பட்டு வந்தது. பொதுவாக்கெடுப்பு வேண்டும் என்றது பிரான்சு. வேண்டாம் என்றது இந்தியா. வ. சுப்பையா முதலியோரின் நெடுநாள் போராட்டமும், 1954 மார்ச்சில் எதுவார் குபேர் அணிமாறியதும், ஏனாம், மாகே ஆகியவை கோடைக்குள் கைநழுவியதும் பிரெஞ்சாட்சியின் அடித்தளத்தைக் கரைத்திருந்தன. இந்நிலையில் இரு நாடும் ஓர் இடைவழி கண்டன. மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட பேராளர்களின் வாக்கே மக்களின் இசைவாகக் கொள்ளப்பட்டது. அக்டோபர் 18-ஆம் நாள் கீழூரில் கூடிய 178 பேராளருள் 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்தனர். 21-ஆம் நாள் புதுதில்லியில் உடன்பாடு ஒப்பமாயிற்று. நவம்பர் முதல் நாள் ஆட்சி கைமாறியது. மொழிக்கும் கல்விக்கும் பண்பாட்டுக்கும் உரிய உரிமைகள் காக்கப்பட்டன. 1955-இல் தொடங்கிய புதுச்சேரிப் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் சைவ ஆகமச் சுவடிகளைத் தொகுத்துக் காத்துவருவது அவ்விணக்கத்தின் வழிவந்த பயன்களுள் ஒன்று. சட்டப்படியான உரிமை மாற்றம் 1962 ஆகத்து 16 அன்று நிறைவுற்றது.

புதுச்சேரியில் கொடி மாறிய அதே 1954 நவம்பர் முதல் நாளில், அல்சீரியாவில் தேசிய விடுதலை முன்னணியினர் பல இடங்களில் ஒரே இரவில் தாக்குதல் தொடங்கினர். இந்தோசீனத்தில் வலியறிந்தவர், புதுச்சேரியில் காலமறிந்தவர், அல்சீரியாவில் தடுமாறினார். அல்சீரியா காலனியன்று, பிரான்சின் மாவட்டங்களே என்னும் அரசியல் மரபை அவரும் ஏற்றிருந்தார். நவம்பர் 12 அன்று பேரவையில், குடியரசினின்று அதனைப் பிரிக்கவியலாது என்று உறுதியாக உரைத்தார், படைகளையும் அனுப்பினார். தொலைவிலுள்ள மண்ணைப் பற்றி அவர் சொன்ன உண்மையை, பத்து இலட்சம் ஐரோப்பியர் குடியிருந்த அண்மை மண்ணைப் பற்றிச் சொல்ல அவரால் அன்று இயலவில்லை. சொல்லியிருப்பின் அவர் அரசு அன்றே வீழ்ந்திருக்கும் என்று வாதிடுவோர் உளர். சொல்லாமலும் அது மூன்று மாதமே நின்றது என்பதை மறத்தலாகாது. அல்சீரியப் போர் எவியான் உடன்பாட்டின்வழி 1962 மார்ச்சில் முடியும் முன் இலட்சக்கணக்கானோர் மாண்டனர்.

வீழ்ச்சியும் இறுதிக் காலமும்

ஆட்சிக்காலத்தில் சனிக்கிழமைதோறும் வானொலியில் மக்களிடம் நேரே பேசிய தலைமையமைச்சர் அவர். சாராய உற்பத்தியாளரின் சலுகைகளைக் குறைத்தார். பள்ளிப் பிள்ளைகளுக்குப் பால் வழங்கச் செய்தார். பொது விருந்துகளிலும் பாற்குவளையோடு தோன்றினார். இச்சீர்திருத்தங்கள் பெற்றுத்தந்த பகைவர் சிலர். ஐரோப்பியப் பாதுகாப்புச் சமூகத் திட்டம் 1954 ஆகத்தில் பேரவையில் தோற்றபோது அவர் அதற்காக வாதாடவில்லை என்று சினந்தோர் பலர். இந்தோசீனத்தை விற்றவர் என்று தூற்றியோர் இன்னும் பலர். யூதர் என்பதைச் சுட்டி வீசப்பட்ட வசைகள் இவற்றோடு சேர்ந்தன.

1955 பிப்ரவரி 5-ஆம் நாள் விடியுமுன், வடஆப்பிரிக்கக் கொள்கை பற்றிய வாக்கெடுப்பில் 273-க்கு 319 என்னும் கணக்கில் அவர் தோற்றார். தோற்றவர் மேடையேறிப் பேசுவது மரபன்று. எனினும் அவர் ஏறினார். தாம் தொடங்கியவை நிற்கமாட்டா என்று கூற முற்பட்டபோது, மேசைகளைத் தட்டியும் கூச்சலிட்டும் அவர் குரலை அமுக்கினர். மீண்டும் தலைமையமைச்சர் பதவி அவரைத் தேடி வரவில்லை.

1956-இல் கி மொல்லே அரசில் துறையிலா அமைச்சராக அமர்ந்த அவர், அல்சீரியாவில் படைபலத்தை மட்டும் நம்பும் கொள்கையை ஏற்காது மே மாதத்திலேயே விலகினார். ஈராண்டுக்கு முன் தாமே நின்ற இடத்தின் பிழையை அவர் உணர்ந்ததன் வெளிப்பாடாக இதனைக் கொள்ளலாம். 1958-இல் இராணுவக் கிளர்ச்சியின் நிழலில் டி கோல் ஆட்சிக்கு மீண்டதைக் கொள்கையளவில் எதிர்த்தார். அவ்வாண்டே கால் நூற்றாண்டுக்கு மேல் தம்மைத் தேர்ந்தெடுத்த தொகுதியை இழந்தார். 1967-இல் கிரெனோபில் நகரிலிருந்து பேரவைக்கு மீண்டு, அடுத்த ஆண்டே தோற்றார். 1981 மே மாதம் மித்தரான் குடியரசுத் தலைவராகப் பொறுப்பேற்றபோது, விருந்தினரிடையே நின்ற முதியவரைத் தழுவிக்கொண்டார். மெந்தேஸ் பிரான்சின் கண்கள் கலங்கின.

1982 அக்டோபர் 18-ஆம் நாள், தம் எழுத்து மேசையருகே அவர் உயிர் பிரிந்தது. கீழூரில் பேராளர் வாக்களித்த நாளுக்கு அன்று சரியாக இருபத்தெட்டாண்டு நிறைந்திருந்தது.

நிறைவாக

மெந்தேஸ் பிரான்சின் வாழ்வு, இணக்கத்தால் போர் முடிவதன் இயல்பைத் தெளிவுறக் காட்டுகிறது. இணக்கம் எவரையும் முழுதாக மகிழ்விப்பதில்லை. வென்றவர் விட்டுக்கொடுத்ததை நினைந்து வருந்துவர், தோற்றவர் கொண்டு வந்தவரை வெறுப்பர். அதனைச் செய்து முடிக்க, தன் பக்கத்து வலியின்மையைத் தன் மக்களிடமே முதலில் ஒப்புக்கொள்ளும் துணிவு தேவை. அத்துணிவு ஒருவரிடம் எக்காலும் எவ்விடத்தும் ஒருபடித்தாக நிற்பதில்லை என்பதையும் அவர் வாழ்வே உணர்த்துகிறது. செனீவாவில் இருந்த தெளிவு அல்சீரியாவை நோக்கியபோது மங்கியது. பின்னர்த் தெளிந்தபொழுது செயலாற்றும் இடம் அவரிடம் இல்லை. அவர் குறித்த கோடு நிலைக்கவில்லை. அவர் குறித்த கெடுவோ, கைவிடப்பட்ட போரொன்றை மக்கள் மன்றத்தின் கண்முன் கொணர்ந்து நிறுத்தி, முப்பது நாளில் ஒரு முடிவைத் தேரச் செய்தது. புதுச்சேரிக் கடற்கரையில் ஒரு துப்பாக்கியும் வெடியாமல் கொடி மாறிய அந்த நவம்பர்க் காலையிலும் அவ்வரசியல் நேர்மைக்கு ஒரு பங்குண்டு.